டிஸ்க் பிதுங்கியிருக்கு என்று ரிப்போர்ட், நடங்க என்கிறார் டாக்டர்

கேள்வி: 17 நவம்பர் 2024, மாலை 6.05

வயசு 34. பேங்க் வேலை, நாள் பூரா உக்காந்தே இருக்கணும். நாலு மாசமா இடுப்பு வலி, சில நாள் இடது கால் வரைக்கும் இழுக்குது. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. எல்4-எல்5ல, அதாவது இடுப்பு முள்ளெலும்பு ரெண்டுக்கு நடுவுல, டிஸ்க் பல்ஜ் (பிதுங்கல்), டிஸ்க்ல நீர் வத்திப்போச்சுன்னு போட்டிருக்கு. டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "தினம் நடங்க"ன்னு அனுப்பிட்டார். வலிக்குதுன்னா உள்ள ஏதோ கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்? கெட்டுப்போனதை வச்சுக்கிட்டு நடந்தா இன்னும் கெடாதா?

17 நவம்பர் 2024, இரவு 9.50

இதே கேள்வியோடு 2018இல் நான் ஊரெல்லாம் அலைந்தேன். கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சாயங்காலம், லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கில் மூன்று தாடை (த்ரீ ஜா) உள்ளதைக் கழற்றிவிட்டு நாலு தாடை (ஃபோர் ஜா) உள்ளதை மாட்ட வேண்டியிருந்தது. லேத்தின் அடித்தளமான பெட் மேல் பலகை போட்டு அதன் மேல்தான் 'சக்'கை இறக்க வேண்டும். பையன் டீ வாங்கப் போயிருந்தான், ஜாப் அவசரம், பலகை இல்லாமலே நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். 25 கிலோ இருக்கும். இடுப்பில் சொடக்கு எடுத்த மாதிரி ஒரு சத்தம். கூலன்ட் ட்ரே பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தவன், எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் எம்.ஆர்.ஐ. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே வரி. அந்த ஃபிலிமை வீட்டுப் பத்திரம் மாதிரி பீரோவில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். மூன்று வாரம் படுக்கை. இரண்டு வருடம் பெல்ட். குனிந்து செருப்பு மாட்டக்கூடப் பயம்.

எனக்கு யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 40 வயதில் பாதிப் பேருக்கு. 80 வயதில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் என்று எடுத்தால் 20 வயதிலேயே 37 சதவீதம், 80இல் 96. இவர்கள் யாருக்கும் இடுப்பு வலி கிடையாது. உங்கள் பேங்க்கில் 40 வயதைத் தொட்டவர்களை வரிசையாக மெஷினில் படுக்க வைத்தால், ரெண்டு பேரில் ஒருவருக்கு உங்கள் ரிப்போர்ட் வரும்.

நடங்க. டாக்டர் இதைச் சொல்ல இன்னும் ஐந்து நிமிடம் செலவழித்திருக்கலாம், அவ்வளவுதான்.

17 நவம்பர் 2024, இரவு 10.20

முக்கியமானதை விட்டுவிட்டேன். கால் பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குகிறது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போகிறது, மூத்திரம் வருவது தெரியவில்லை அல்லது அடக்க முடியவில்லை: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தப் பதில்களைப் படிக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இதுவும் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் நான் எழுதுவது.

19 நவம்பர் 2024, காலை 7.15

"அப்ப எங்க வலி பொய்யா?" என்று கீழே மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பொய் என்று எங்கே சொன்னேன்? காயமும் வலியும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை என்றேன்.

1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னக் குறிப்பு. 29 வயது கட்டடத் தொழிலாளி மேலேயிருந்து குதிக்க, 15 செ.மீ. ஆணி பூட்ஸைத் துளைத்து மேல் பக்கமாக வெளியே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே அலறல். மயக்க மருந்தும் ஃபென்டனில் என்ற பலத்த வலி மருந்தும் கொடுத்து ஆணியைக் கீழ்வழியாக உருவி, பூட்ஸைக் கழற்றினால், ஆணி ரெண்டு விரலுக்கு நடுவே போயிருக்கிறது. தோலில் ஒரு கீறல் இல்லை. அந்த ஆள் நடிக்கவில்லை. கண் பார்த்ததை உடம்பு நம்பியது.

அதற்கு நேர் எதிர், 1944 இத்தாலி, ஆன்ஸியோ போர்முனை. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர், பலத்த காயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுக் குறித்து வைத்தார். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். காயம் பட்டால் வீடு, இல்லாவிட்டால் திரும்பச் சண்டை. அவர்களுக்குக் காயம் ஊர் திரும்ப டிக்கெட்.

எங்கள் பட்டறை ஈ.எல்.சி.பி.யை, அதாவது கரன்ட் கசிந்தால் லைனை அணைக்கிற ஸ்விட்சை, நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை ஷாக் அடித்தபிறகு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சும்மா சும்மா ட்ரிப் ஆகும். ஷாக் இருக்கிறதா இல்லையா என்பது வேறு, ட்ரிப் ஆவது வேறு.

19 நவம்பர் 2024, இரவு 11.05

எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் வந்து காது கிழியத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிவில் ட்ரிப் என்றால் என்றைக்கும் 30தானாம், ஈ.எல்.சி.பி. பழகிப் பயப்படாதாம், சும்மா ட்ரிப் ஆனால் எங்கோ லீக் இருக்கிறது, ஒயரிங்கைப் பார் என்கிறார். சரிங்கண்ணா, நாளைக்கே பார்க்கிறேன். உதாரணம் வாபஸ்.

வேறொன்று. ஒரு தடவை திருடன் ஏறிக் குதித்த வீட்டு நாய், அப்புறம் பால்காரருக்கும் குரைக்கும். நாய் நல்ல நாய்தான். குரைப்பும் நிஜம். திருடன்தான் இல்லை.

இது வெறும் கதை இல்லை. 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்பவர் எலிகளின் தண்டுவடத்தில் இதைப் பார்த்தார். பாதத்தில் காயம் பட்டபிறகு, முன்பு கண்டுகொள்ளாத லேசான தொடுகைக்கும் தண்டுவட நரம்புகள் துள்ள ஆரம்பித்தன. மாறியது பாதம் மட்டுமல்ல, செய்தியை வாங்கி மேலே அனுப்புகிற இடமே மாறியிருந்தது. பொதுவாக நாளாவட்டத்தில் அது அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் கோடி ரூபாய்க் கேள்வி.

23 நவம்பர் 2024, மாலை 4.30

பட்டறை லீவு. நிதானமாக எழுதுகிறேன்.

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் என்ன ஆகிறது, கவனித்திருக்கிறீர்களா? முதலில் "சுருக்". அப்புறம் ஒரு வினாடி அமைதி. "இப்ப வரும் பாரு" என்று நமக்கே தெரியும். பிறகு அந்தக் கடுப்பு வந்து அப்பும். இது கற்பனை இல்லை, ரெண்டு ஒயர். ஏ-டெல்டா என்ற நரம்பு இழை மெல்லிய உறை போட்டது, வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். சி இழைக்கு உறை கிடையாது, வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து ரெண்டு மீட்டர். சாவகாசமாக நடந்து வரும் தபால்காரர். கால் விரலிலிருந்து முதுகுக்கு ஒரு மீட்டர் வழி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அந்த ஒரு வினாடி வந்துவிடும்.

இடித்ததும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அது ஏன்? தொடுகையைக் கொண்டுபோகும் இழைகள் தடிமனானவை, வேகமானவை. அவை தண்டுவடத்துக்குள் நுழைகிற இடத்திலேயே வலிச் செய்தியை நெருக்கித் தள்ளிவிடுகின்றன. ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் இருவரும் 1965இல் இதை வாசல் என்றார்கள். வாசலைச் சாத்த கீழேயிருந்தும் முடியும், மேலே மூளையிலிருந்தும் ஆள் வரும். அவர்கள் வரைந்த படத்தின் சில விவரங்கள் தப்பு என்று பின்னால் தெரிந்தது. வாசல் இருப்பது தப்பில்லை.

எங்கம்மாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. விழுந்து எழுந்து வந்தால் ஒரு கை முதுகில் தட்டும், ஒரு கை முட்டியைத் தேய்க்கும், வாய் தரையைத் திட்டும். மூன்றுமே வாசலுக்குப் போன ஆட்கள்தான்.

தைலம் சம்பந்தமாக ஒருவர் கேட்டிருந்தார். மென்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் புரதத்தைத் திறந்துவிடுகிறது. நிஜத்தில் தோல் குளிர்வதில்லை, குளிர்ந்ததாகச் செய்தி போகிறது. மிளகாய் இதற்கு அண்ணன். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற புரதம் ஒன்று நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே கதவைத் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் அதைக் கண்டுபிடித்தார், 2021இல் நோபல். மிளகாய் அரைத்த கை "எரியுது" என்று நாம் சொல்வது உவமை இல்லை. நெருப்புக்கும் மிளகாய்க்கும் ஒரே கதவு. கேப்சைசின் ரொம்ப அதிகமாகப் போனால் அந்த நரம்பு நுனியே கொஞ்ச காலம் சோர்ந்து படுத்துவிடும். அதனால்தான் 8 சதவீத கேப்சைசின் ஒட்டு நரம்பு வலிக்கு மருந்தாக வந்தது. யாரும் வீட்டில் மிளகாய்த்தூள் குழைத்துப் போட்டுவிடாதீர்கள். என் சித்தப்பா போட்டார். அந்தக் கதை வேண்டாம்.

24 நவம்பர் 2024, காலை 8.00

போட்டி மாதிரி ஆகிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க வலிக்கு வார்த்தை கொட்டியிருக்கிறீர்கள். திரட்டியிருக்கிறேன்: குத்தல், குடைச்சல், கடுப்பு, கடுகடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, விண்விண், சுருக்சுருக், தெறிப்பு, மதமதப்பு, பாரம், அசதி. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், "எங்களுக்கு எல்லாம் நோகுதுதான், வலிக்குது எண்டால் பெரிசா ஏதோ" என்கிறார். மதுரைக்காரர் "ராவுது" என்று ஒன்றைப் போட்டிருக்கிறார், இரும்பை ராவுகிறவன் நான், சரியாகப் புரிந்தது.

மெல்ஸாக் 1975இல் இதே வேலையைச் செய்தார். நோயாளிகள் சொல்லும் சொற்களில் 78ஐ 20 கூட்டமாகப் பிரித்துக் கேள்வித்தாள் போட்டார். காரணம் இருக்கிறது. "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டால் ஒரு எண் வரும். "எரியுதா, குடையுதா, கரன்ட் அடிச்ச மாதிரி தெறிக்குதா?" என்று கேட்டால் எந்த மருந்து என்பதற்குத் துப்பு வரும். எரிச்சலும் தெறிப்பும் மதமதப்பும் சேர்ந்தால் நரம்பே தகராறு செய்கிறது என்று சந்தேகப்படுவார்கள். சர்க்கரைக்காரர்களின் பாத எரிச்சல், அக்கி வந்துபோன இடத்து வலி, இதெல்லாம் அந்த வகை. சாதாரண வலி மாத்திரை அங்கே பெரிதாக வேலை செய்யாது.

என் காலில் தெறிப்பு இருந்த காலத்தில் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார்கள். மெடிக்கலில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் மெதுவாக, "அக்கா, இது மனசு சரியில்லாதவங்களுக்கு, அண்ணனுக்கா?" என்றான். அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் என்னிடம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மனச்சோர்வுக்கு இதன் அளவு பல மடங்கு. சின்ன அளவில், மூளையிலிருந்து வாசலுக்கு இறங்கி வருகிற ஆட்களுக்கு இது துணை. வாய் உலரும், காலையில் தலை கனக்கும். எனக்குத் தெறிப்பு பாதியானது, தூக்கம் வந்தது. பாதி என்றால் அது பெரிய விஷயம், வலியோடு இருப்பவர்களுக்குத் தெரியும்.

1 டிசம்பர் 2024, இரவு 8.40

இந்த வாரம் எனக்கே பிடித்துக்கொண்டது. நின்றுகொண்டு தட்டச்சு செய்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

2 டிசம்பர் 2024, காலை 6.30

வெள்ளிக்கிழமை நான் ஒருவருக்கு "வலி முதுகில் இல்லை, மூளையில்தான்" என்று பதில் போட்டேன். எழுதும்போது பெரிய உண்மையைச் சொன்ன மாதிரி இருந்தது. நேற்று அசைய முடியாமல் படுத்திருந்தபோது வீட்டுக்காரி அதைப் படித்துக் காட்டி, "அப்ப மூளைக்குத் தைலம் போடட்டுமா?" என்றாள்.

அதைவிட, ஒரு சகோதரியின் பதிலுக்குப் பிறகு அந்த வரியை நான் எழுதியிருக்கவே கூடாது என்று தோன்றிவிட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மாதவிடாய் வலிக்கு "எல்லாம் மனசுதான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று கேட்டுக் கேட்டு, வருடக்கணக்கில் கழித்து எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சுவர் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்று கண்டுபிடித்தார்களாம். வயிற்றுக்குள் நிஜமான திசு, நிஜமான ஒட்டல். என் வரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

திருத்தி எழுதுகிறேன். பார்ப்பது எல்லாம் மூளையில்தான், அதற்காக எதிரே மரம் இல்லை என்று ஆகாது. சில சமயம் மரம் இருக்கிறது, சில சமயம் நிழலைப் பார்த்து மரம் என்கிறோம். எது என்று பார்க்காமலே நிழல் என்று சொல்கிற டாக்டரும் தப்பு, அதைச் சொன்ன நானும் தப்பு. உலக வலி ஆய்வுச் சங்கம் வலி என்றால் என்ன என்ற தன் விளக்கத்தை 2020இல் திருத்தியபோது கூடவே ஒரு குறிப்பைச் சேர்த்தது: ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும்.

8 டிசம்பர் 2024, மாலை 5.10

"வலியே தெரியாம பண்ற மாத்திரை கண்டுபிடிச்சா போதும்" என்று எழுதினவருக்கு. அது வரமா என்று வேலூரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பால் பிராண்ட் 1914இல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். சர்ஜனாகி 1946இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அவர் வெட்டிப் பார்த்தால் சதை நன்றாக இருக்கிறது, தையல் போட்டால் ஆறுகிறது. பின் ஏன் விரல் குட்டையாகிறது? ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்கவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் "நான் பார்க்கிறேன்" என்று சாவியைப் பிடித்துத் திருப்பித் திறந்துவிட்டான். தரையில் ரத்தத்துளி. பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. நோய்க்கிருமி தின்றது நரம்பை மட்டும்தான். மிச்சத்தைத் தின்றது பூட்டு, அடுப்பு, செருப்பில் கிடக்கும் ஆணி. தூங்கும்போது எலி கடித்தும் எழுந்திருக்காதவர்கள் இருந்தார்கள், அதற்காகப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கு சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்களே, கறுப்பு மெத்து ரப்பர், அந்த வேலையில் வளர்ந்ததுதான்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்த கட்டம். அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனபிறகு செயற்கை வலி செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தம் அளக்கும் சென்சார், அழுத்தம் மிஞ்சினால் காதில் பீப். பீப்பை யாரும் மதிக்கவில்லை. சரி என்று அக்குளில் லேசான கரன்ட் ஷாக் வைத்தார்கள். அழுத்தித் திருப்ப வேண்டிய வேலை வந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டத்தைக் கைவிட்டார்கள். எல்லை மீறினால் மெஷினை நிறுத்துகிற லிமிட் ஸ்விட்சை நூல் கட்டி வைத்துவிட்டு ஓட்டுகிற ஆபரேட்டரை நான் எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! வலியில் நம் கைக்கு எட்டுகிற ஸ்விட்ச் இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம், அதுவேதான் நம் கஷ்டமும்.

21 டிசம்பர் 2024, இரவு 10.00

ஊசி போட்டால் உடனே கேட்கிறது, தப்பா என்று கேள்வி. டைக்ளோஃபெனாக் நல்ல மருந்துதான், வீக்கம் இருக்கிற வலிக்குக் கேட்கும். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். அதே பொருள்தான் வயிற்றுச் சுவரையும் சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மாதக்கணக்கில் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் கிட்னியைக் கடன் கொடுக்கிறார்கள். நானும் ஒரு வருடம் போட்டேன், ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் கூடுவது) ஏறியதும் விட்டேன்.

கழுகுகளுக்கு அந்த ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போட்டு, அது செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் போய்ச் செத்தன. வெண்முதுகுக் கழுகில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 2006இல் மாட்டுக்குத் தடை. மனித ஊசிப் பெரிய பாட்டிலை மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் 3 மில்லிக்கு மேல் பாட்டில் கூடாது என்றார்கள், கம்பெனி வழக்குப் போட, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. நீலகிரி மோயாறு பக்கம் போனால் மிச்சமிருப்பதைப் பார்க்கலாம். இடுப்பு வலிப் பதிலில் கழுகு எதற்கு என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது.

இடுப்புக்குத் திரும்புகிறேன். திடீர் இடுப்பு வலிக்கு பாராசிட்டமால்: ஆஸ்திரேலியாவில் 1650 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2014இல் வெளியானது. வேளாவேளைக்குப் போட்டவர்களுக்கும் தேவைப்படும்போது போட்டவர்களுக்கும் குணமாக 17 நாள். மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரைக்கு 16. மார்ஃபின் மாதிரியான அபின் வகை மருந்தை 2023இல் அதே நாட்டில் 347 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் மாவு மாத்திரையைத் தாண்டவில்லை.

மாவு மாத்திரை என்றால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மாவு மாத்திரை மாதிரி மருந்தே இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள், சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அபினின் வேலையை முறிக்கும் நலோக்சோனை ஏற்றினார்கள். குறைந்த வலி திரும்பி வந்தது. அதாவது நம்பிக்கை உள்ளே நிஜமாகவே ஒரு மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. கைராசி டாக்டர் என்று பாட்டிகள் சொல்வதில் வேதியியல் இருக்கிறது.

5 ஜனவரி 2025, இரவு 11.30

அபின் வகை பயனில்லை என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "மார்ஃபினை மொத்தமா தடை பண்ணணும்" என்கிறார். பொறுங்கள்.

பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருந்தது. கடைசி நாலு மாதம். புரண்டு படுக்க மாட்டார். பெட்ஷீட்டை மாற்ற வேண்டும் என்றால் பெரியம்மா முதலில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார், அவர் கத்துவது தெருவில் கேட்கக் கூடாது என்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ட்ராமடாலும் பாராசிட்டமாலும் எழுதி, "இதுக்கு மேல ஒண்ணும் இல்லை" என்றார்கள். மார்ஃபின் கேட்டோம், இங்கே ஸ்டாக் வைப்பதில்லை என்றார்கள். வேறொரு இடத்தில், "பழகிடும்" என்றார்கள். 71 வயது, எலும்பெல்லாம் கட்டி, பழகி எங்கே போகப் போகிறார்?

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க லைசென்ஸோடு கசகசாச் செடி வளர்த்து அபின் எடுத்து ஏற்றுமதி செய்கிற நாடு இது. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு, நாலைந்து லைசென்ஸ் வாங்க முடியாமல் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே விட்டுவிட்டன. 1997இல் நாடு முழுக்கப் பயன்பட்டது 18 கிலோ, முன்பு இருந்ததில் 97 சதவீதம் காலி. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் கூட்டாளிகளும் 1993இல் கோழிக்கோட்டில் வலித் தணிப்பு மையம் தொடங்கி, வருடக்கணக்கில் முட்டி மோதினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, லைசென்ஸ் ஒன்றானது.

எங்களுக்கு வழி காட்டியது வீட்டுக்கு வரும் ஒரு தணிப்புச் சிகிச்சை நர்ஸ். 10 மில்லிகிராம் மாத்திரை, நாலு மணிக்கொரு தடவை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம், படுக்கும்போது ரெட்டை அளவு. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அதை மட்டும் மறக்கவே கூடாது என்று காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பெரியப்பா தானாகவே சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். பெரியம்மா டி.வி.யை அணைத்தார்.

6 ஜனவரி 2025, காலை 6.10

என் ரெண்டு குறிப்பும் முரண் என்கிறார்கள். இல்லை. சும்மாவே ஆறப்போகிற இடுப்புப் பிடிப்புக்கு மார்ஃபின் வகை வேண்டாம். எலும்பைக் கட்டி அரிக்கும்போது அதைக் கொடுக்காமல் இருப்பது பாவம். ஒரே உளியை எல்லா ஜாபுக்கும் போடுகிறவனைப் பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.

3 பிப்ரவரி 2025, இரவு 9.20

பலரும் ஒரே செய்தியை அனுப்பியிருக்கிறீர்கள். ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் சுசெட்ரிஜின் என்ற புது வகை வலி மாத்திரைக்கு ஒப்புதல். போதை இல்லை, மூளைக்குப் போகாமல் வலி நரம்பிலேயே வேலை.

இதன் வேர் பாகிஸ்தானின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. தெருவில் கையில் கத்தி குத்திக்கொண்டு, நெருப்பில் நடந்து வித்தை காட்டிய பையன் ஒருவன், வலி என்பதே தெரியாதவன். ஆராய்ச்சியாளர்கள் அவனைச் சோதிப்பதற்குள், 14 வயது ஆகும் முன்பே, கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அவன் உறவுக்காரக் குழந்தைகளைச் சோதித்து, வலி நரம்பில் செய்தியைக் கிளப்புகிற ஒரே ஒரு சோடியம் வாசல் வேலை செய்யாததுதான் காரணம் என்று 2006இல் சொன்னார்கள். அந்த வாசலை அடைக்க நிறுவனங்கள் வருடக்கணக்கில் முட்டின, தேறவில்லை. இப்போதைய மாத்திரை அதன் பக்கத்து வாசலை அடைக்கிறது.

சந்தோஷம்தான், ஆனால் ஒப்புதல் ஆபரேஷனுக்குப் பிறகு வருவது போன்ற திடீர் வலிக்கு மட்டும். நம்ம கட்சி, அதாவது காலுக்கு இறங்கும் இடுப்பு நரம்பு வலி, அதில் போன டிசம்பரில் வந்த முடிவு: பத்துக்கு 2.02 புள்ளி குறைந்தது. மாவு மாத்திரைக்கு 1.98. மாத்திரை ஒன்றுக்கு அறிமுக விலை 15.50 டாலர். மாவு மாத்திரையையே வாங்கிக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி 2025, காலை 10.45

அப்படியானால் நம்ம நாய்க்கு என்னதான் வழி என்று முதல் கேள்விக்காரரே கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. 151 பேர், சராசரியாகப் பத்து வருட இடுப்பு வலி. மூன்றில் ஒரு பங்கினருக்கு நாலு வாரத்தில் எட்டு அமர்வு. பயந்த அசைவைப் பயமில்லாமல் செய்து பார்ப்பது, வலி வரும்போது "இது குரைப்பு, திருடன் இல்லை" என்று அதைக் கவனிப்பது. முடிவில் 66 சதவீதம் பேருக்கு வலி இல்லை அல்லது இல்லாத மாதிரி. முதுகில் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 20, வழக்கமான சிகிச்சையில் 10.

படித்த அன்றைக்கு நான் எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தேன். ரெண்டாவது முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்: இடுப்பைவிடக் கால் வலி அதிகம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படித்தவர்கள், வலியும் மிதமானது. தினம் மூட்டை தூக்கினால்தான் சோறு என்கிறவருக்கு "பயப்படாதே" என்று சொல்வதற்கு முன்னால் மூட்டையின் எடையைக் குறைக்க வேண்டும்.

நான் செய்தது சொல்ல வெட்கம், அவ்வளவு சாதாரணம். முதல் வாரம் பட்டறையிலிருந்து பேக்கரி வரை. நல்ல நாளில் மூன்று கிலோமீட்டர் நடந்து மறுநாள் படுக்கிற பைத்தியக்காரத்தனத்தை நிறுத்தினேன். நல்ல நாளோ கெட்ட நாளோ அதே தூரம், வாரத்துக்கு ஒரு கரன்ட் கம்பம் தூரம் கூட. பெல்ட்டைக் கழற்ற எட்டு மாதம். குரைக்கிற நாயை அடித்தாலும் குரைக்கும், பால்காரரை வரவேண்டாம் என்று சொன்னாலும் அடுத்த தடவை அதிகமாகக் குரைக்கும். தினமும் அதே நேரத்துக்குப் பால்காரர் வர வேண்டும்.

16 மார்ச் 2025, மாலை 7.00

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நடக்கிறாராம், கால் இழுப்பு குறைந்திருக்கிறதாம், இடுப்பு அப்படியே இருக்கிறதாம். நாலு மாதத்துக்கு அது பரவாயில்லை. என் பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிமைப் படம் எடுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார், தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க.

பீரோவில் தேடினேன். இல்லை. வீட்டுக்காரியைக் கேட்டால், மார்கழிக் கோலத்துக்கு அச்சு வெட்ட கெட்டியான ஷீட் கிடைக்கவில்லை என்று எடுத்தாளாம். கொண்டுவந்து காட்டினாள். எல்4-எல்5 இருந்த இடத்தில் தாமரை.